ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்கும் மகள்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

என் மகளுக்கு 14 வயது. ஒன்பது வயதில் டைப் 1 சர்க்கரை என்றார்கள். அன்றிலிருந்து தினமும் நாலு வேளை இன்சுலின். அவளுக்காக வேலையை விட்டேன். கல்யாணம் காட்சி எதற்கும் போவதில்லை. வீட்டில் இனிப்பே வாங்குவதில்லை. என்ன குறை வைத்தேன்? போன மாதம் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 11. டாக்டர் என்னைத்தான் திட்டினார். நோட்டில் அவள் எழுதியிருப்பதெல்லாம் 120, 130. மெஷினைப் பார்த்தால் 350. இத்தனை செய்தும் என்னிடமே பொய். "நீ வாங்கிக் கொடுத்த சாக்லேட்டால வந்தது" என்று மாமியார் இன்னும் சொல்கிறார். வெளியில் தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்கிறார். அதனால் பள்ளியில் பாத்ரூமில் போய் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கணவர் பில் கட்டுவதோடு சரி. இவளோ தோழிகளிடம்கூடப் பேசாமல் எந்நேரமும் படுத்தே கிடக்கிறாள். முந்தாநாள் சோறு போடும்போது, "ஊசியை நிறுத்திட்டா எத்தனை நாள்மா தாங்கும்?" என்கிறாள். இப்படி எதையாவது கேட்டு என் உயிரை எடுப்பதே வேலை. இவள் பொய்யை நிறுத்த என்ன வழி?

ஒரு தாய், திருச்சி

அன்புச் சகோதரிக்கு,

மாமியாரையும் கணவரையும் இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன். சோறு போடும்போது மகள் ஒன்று கேட்டாளே, அதற்கு என்ன பதில் சொன்னீர்கள்? கடிதத்தில் அது இல்லை.

அவள் கேட்டது தன் உயிரைப் பற்றி. தீராத நோயோடு வளரும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். தோழிகளை விட்டு விலகுவதும் படுத்தே கிடப்பதும் அதன் அடையாளமாக இருக்கலாம். அந்த 11-க்குக் காரணம், அவள் ஏற்கெனவே ஊசியைத் தவிர்ப்பதாகவும் இருக்கலாம்.

350 என்று எழுதினால் வீட்டில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் 130 என்று எழுதுகிறாள். பருவ வயதில் ஹார்மோன்களாலேயே சர்க்கரை ஏறும். எல்லாம் ஒழுங்காகச் செய்த நாளிலும் ஏறும். அதற்கும் திட்டு வாங்கும் பிள்ளை வேறு என்ன செய்யும்?

உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாத்ரூமில் ஊசி போடச் சொன்னது தவறு. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது டைப் 1. சாக்லேட்டாலும் வரவில்லை, உங்களாலும் வரவில்லை. மாமியார் நம்பாவிட்டால் போகட்டும். நீங்கள் முழுசாக நம்பியிருந்தால் அவளை ஒளிந்துகொள்ளச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

இன்றிரவே பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போகலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சத்தியம் வாங்காதீர்கள், அழுது அவளைக் கட்டிப்போடாதீர்கள். இன்சுலின் முழுவதும் உங்கள் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு வேளையும் நீங்களே அளவு பார்த்துப் போடுங்கள். பள்ளியில் ஆசிரியர் ஒருவரிடம் சொல்லி அவர் முன்னால் போடச் செய்யுங்கள். நீங்கள் கேட்டதற்கு ஆமாம் என்று அவள் சொன்னால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு. இல்லை என்று சொன்னாலும் சர்க்கரை மருத்துவரிடம் இதைச் சொல்லி, இந்த வாரமே குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். நடுராத்திரியில் பயமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மருத்துவரிடம் போகும்போது கணவரும் வர வேண்டும். அப்பாவிடமும் மருத்துவர் பேச வேண்டியிருக்கும்.