2007 மாடல் டாடா இண்டிகோ மெரினா டீசல் கார் வாங்கலாமா? எந்த ரிப்பேரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியும்?

கேட்டவர் பார்த்து வைத்திருக்கும் வண்டி 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறதாம். “எதற்கெடுத்தாலும் மெக்கானிக்கிடம் ஓட முடியாது, கொஞ்சம் கை வைக்கத் தெரியும், போதுமா?” என்கிறார்.

என்னிடம் இருப்பது 2006 மெரினா, அதே 1405 சிசி டர்போ டீசல். 2017-ல் வாங்கினேன். நான் மெக்கானிக் கிடையாது, ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். வண்டி வந்த அன்று வீட்டில் இருந்த கருவிகள் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் அப்பாவின் சைக்கிள் ஸ்பானரும்தான்.

பழைய டீசல் என்றாலே எல்லோரும் இஞ்சினை நினைத்துத்தான் பயப்படுவார்கள். என்னைப் படுத்தியது இஞ்சின் இல்லை, பின்னால் இருக்கும் அந்தப் பெரிய டிக்கி. ஒயர், ரப்பர், மழைத்தண்ணி. இவை மூன்றும் வொர்க்‌ஷாப்பில் சரியாவதே இல்லை, ஏனென்றால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தேட அங்கே யாருக்கும் நேரம் கிடையாது. நமக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

சாமான் கிடைக்குமா என்ற கவலைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 1998-ல் வந்த இண்டிகாவுக்கு டிக்கி வைத்து நீட்டியது இண்டிகோ, அதற்குச் சதுர முதுகு வைத்தது 2004-ல் வந்த மெரினா. இண்டிகாவும் இண்டிகோவும் ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்கக் கால் டாக்ஸியாக ஓடியவை. அதனால் இஞ்சின் சாமான் இன்றைக்கும் கிடைக்கிறது. புதுசு வேண்டுமென்றால் சென்னையில் ஜி.பி. ரோடு, பழசு போதுமென்றால் புதுப்பேட்டை. ஆனால் டிக்கிக் கதவு, அதன் கண்ணாடி, விளிம்பைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங், டெயில் லேம்ப் இதெல்லாம் மெரினாவுக்கு மட்டுமே உரியவை. ஒரு பக்க டெயில் லேம்ப்புக்காக நான் புதுப்பேட்டையில் மூன்று சனிக்கிழமை அலைந்தேன். “இண்டிகோ லேம்ப் தரட்டுமா சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்றார் ஒருவர். எப்படி அட்ஜஸ்ட் பண்ணுவது என்று கேட்டதற்குச் சிரித்தார். எனவே நீங்கள் பார்க்கும் வண்டியில் பின்பக்க விளக்கும் கண்ணாடியும் உடையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பம்பர் உடைந்திருந்தால் பரவாயில்லை.

இப்போது ஒயர் கதை. 2019 மழைக்காலத்தில் நம்பர் பிளேட் விளக்கு அணைந்தது. பிறகு பின் வைப்பர் நின்றது. அப்புறம் ஃபியூஸ் போக ஆரம்பித்தது. எலக்ட்ரீஷியன் ஒருவர், “வைப்பர் மோட்டார் ஜாம் சார், அதான் ஃபியூஸ் அடிக்குது” என்று 2,400 ரூபாய்க்கு மோட்டார் மாற்றினார். ஒன்பதாம் நாள் மறுபடியும் ஃபியூஸ் போனது.

ஒரு ராத்திரி சாமான் இறக்கும்போதுதான் கவனித்தேன். டிக்கியைத் தூக்கும்போது நம்பர் பிளேட் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. மெதுவாக இறக்கினேன், பாதியில் மறுபடி மினுக்கியது. கதவு அசையும்போது விளக்கு மினுக்கினால் கோளாறு விளக்கிலும் இல்லை, மோட்டாரிலும் இல்லை. கதவோடு சேர்ந்து எது அசைகிறதோ அதில் இருக்கிறது.

கூரையிலிருந்து டிக்கிக் கதவுக்கு, கீலுக்குப் பக்கத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் போகும். கதவுக்கான ஒயர் எல்லாம் அதற்குள்தான். பேட்டரியின் மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு அந்த ரப்பரை ஒரு பக்கம் உருவினேன். உள்ளே ஒயர்களின் மேல்தோல் முறுக்குப் போல நொறுங்கிக் கையில் வந்தது. ஒன்று முழுசாக அறுந்திருந்தது. இரண்டில் செம்பு வெளியே தெரிந்து பச்சை பூத்திருந்தது, இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஃபியூஸ் போனது அதனால்தான். பதின்மூன்று வருஷமாக ஒவ்வொரு தடவை டிக்கி திறக்கும்போதும் அதே இடத்தில் மடங்கி நிமிர்ந்த ஒயர் அது, நம் ஊர் வெயிலில் இறுகியும் போயிருந்தது. ஸ்டேஷன் வேகன், ஹேட்ச்பேக் என்று பின்கதவு மேலே தூக்கும் எந்தப் பழைய வண்டிக்கும் இந்த நோய் வரும்.

அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றினால் மூன்று மாதம் தாங்கும். இணைப்பு மடிப்புக்குள்ளேயே இருப்பதால் மறுபடி அங்கேதான் அறும். நான் மடிப்பில் கிடந்த ஒரு சாண் ஒயரை மொத்தமாக வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமனில் நிறைய மெல்லிய இழை உள்ள புது ஒயர் வைத்தேன். ஒரு முனையின் இணைப்பு கூரைக்குள்ளும் மறு முனையின் இணைப்பு கதவுக்குள்ளும் போய்விடும்படி நீளம் விட்டேன். ஈயம் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் குவியாமல் தள்ளித் தள்ளி வைத்தேன். ஒயரும் ஸ்லீவும் சேர்த்து 180 ரூபாய். ஒவ்வொன்றாக வெட்டி ஒவ்வொன்றாக இணையுங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டினால் எது எதோடு போகும் என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான். கழற்றிய பழைய வைப்பர் மோட்டார் நன்றாகத்தான் இருந்தது, இன்னும் பரணில் கிடக்கிறது.

அடுத்தது தண்ணி. மழை பெய்த மறுநாள் வண்டிக்குள் ஈரச்சாக்கு நாற்றம் அடித்தால் டிக்கிக் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். எனக்கு அங்கே ஒரு டம்ளர் தண்ணீர் நின்றது. பீடிங் போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், ஆனால் சோதித்துப் பார்க்காமல் நான் மாற்றவில்லை. தரையைத் துடைத்துக் காயவைத்து, ஓரங்களிலும் விளக்குக்குக் கீழேயும் கோலப்பொடி தூவினேன். டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்துகொண்டு டிக்கியைச் சாத்தச் சொல்லி, மனைவியிடம் ஹோஸைக் கொடுத்தேன். கீழிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து எதுவும் தெரியாது. இடதுபக்க டெயில் லேம்ப் உயரத்துக்கு வந்ததும் பொடியில் ஒரு கோடு கரைந்து ஓடியது. விளக்குக்குப் பின்னால் இருந்த நுரை ரப்பர் அப்பளமாகக் காய்ந்திருந்தது. நுரை ரப்பர் தாளை அதே வடிவத்தில் வெட்டி வைத்ததோடு சரி. சிலிக்கான் பூசுவதானால் வினிகர் வாசம் அடிக்கும் வகையைத் தொடாதீர்கள், அது தகரத்தை அரிக்கும்.

பீடிங் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு தாள் போதும். டிக்கி விளிம்பில் வைத்துச் சாத்திவிட்டு இழுங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் மாற்ற வேண்டும். மழைக்காக மட்டும் சொல்லவில்லை. சதுர முதுகு வண்டி ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகை சுழன்று வண்டிப் பக்கமே திரும்பும். டிக்கி திறந்திருந்தால் அது நேரே உள்ளே வரும். ஒருமுறை நீளமான மரச்சட்டங்களை ஏற்றி, டிக்கியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து வந்தேன். குரோம்பேட்டை வருவதற்குள் மனைவிக்குத் தலைவலி, பின்சீட்டில் பையனுக்குக் குமட்டல். வெயில் என்று நினைத்தோம். டீசல் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசமோ கிடையாது. அதற்கப்புறம் நீளமான சாமான் என்றால் குட்டி யானைதான் பிடிக்கிறேன்.

டிக்கியைத் தாங்கும் கேஸ் ஷாக் இரண்டும் இந்த வயசில் காற்றுப் போயிருக்கும். என் வண்டியில் அது மாமனார் தலையில் இறங்கியது. “ஒண்ணுமில்ல மாப்ள, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மாற்றுவது பத்து நிமிட வேலை. கதவுக்குக் கனமான கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்துவிட்டு, இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றியதை வெட்டவோ நெருப்பில் போடவோ கூடாது, உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தம் போதும் கையைப் பதம் பார்க்க.

இஞ்சின் பக்கம் வந்தால், காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்த பிறகு கிளம்பி, வெள்ளைப் புகை விட்டு, ஒரு நிமிடம் தடதடவென்று ஆடிப் பிறகு சரியாகிறதா? கிளம்பும் முன் இஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் போயிருக்கலாம். இந்தப் பழைய வகை டீசல் இஞ்சினில் டீசல் நேரே சிலிண்டருக்குள் போகாது, பக்கத்தில் ஒரு சின்ன அறையில் தெளிக்கப்படும். அந்த அறையின் சுவர் சூட்டை உறிஞ்சிவிடுவதால் சென்னைக் குளிருக்கே ஹீட்டர் பிளக் வேண்டியிருக்கிறது. நான்கு பிளக்கையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும் மற்றதை இஞ்சின் இரும்பிலும் வையுங்கள். எனக்கு மூன்று பிளக்குகளிலும் சுமார் ஒரு ஓம் காட்டியது, நான்காவதில் முள் அசையவே இல்லை. அதுதான் செத்தது. கழற்றும்போது அவசரம் ஆகாது. துரு விடும் எண்ணெயை முந்தின நாளே விட்டு, இஞ்சின் கொஞ்சம் சூடாக இருக்கும்போது முன்னும் பின்னும் அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். பாதியில் உடைந்தால் இஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டையே கழற்ற நேரிடும்.

டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்து விடுவதும், ஃபில்டர் மாற்றியபின் கைப்பம்பு அடித்து உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவதும் ஒருமுறை பார்த்தால் வந்துவிடும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் முந்தைய ஓனருக்கு இருந்திருக்கும், பலருக்கும் உண்டு. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு ரேடியேட்டர் குழாயையும் அடைக்கும். இஞ்சின் நன்றாக ஆறியபின் மூடியைத் திறந்து, எல்லாவற்றையும் வடித்து, கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி என்று ஊற்றுங்கள்.

நான் தொடாதவை: டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் பெல்ட்), சஸ்பென்ஷன் ஸ்பிரிங், பிரேக்கின் உள்வேலை. டைமிங் பெல்ட் விஷயத்தில் ஓனர் சொல்வதையும் மீட்டர் காட்டுவதையும் நம்பாதீர்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றுதான் அர்த்தம். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அந்தச் செலவு வண்டியின் விலையை நெருங்கிவிடும். வாங்கிய வாரமே அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், கடலோர ஊரில் இருந்தால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். வண்டிக்கு அடியில் படுக்கும் வேலை எதுவானாலும் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், இரும்பு ஸ்டாண்ட் வையுங்கள். ஹாலோ பிளாக் முட்டுக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

செலவுக் கணக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம், அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2007 வண்டி என்றால் 2022-ல் ஒருமுறை ஆகியிருக்கும், அடுத்தது 2027. காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் உயர்த்திவிட்டார்கள். பசுமை வரி தனி. விலை பேசும்போது இதையும் சொல்லிக் குறையுங்கள்.

வாங்கலாமா என்றால், தரைத்தகரம் நன்றாக இருந்தால் வாங்கலாம். பார்க்கப் போகும்போது டார்ச்சும் ஒரு தாளும் எடுத்துப்போங்கள். பானெட்டைத் திறக்கும் முன் டிக்கிக் கார்பெட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். துரு மேலாகப் படிந்திருந்தால் தேய்த்துப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். விரலால் அழுத்தும்போது தகரம் உள்ளே போனால், இல்லை “அதெல்லாம் எதுக்கு சார், இஞ்சின் சத்தத்தக் கேளுங்க” என்று பேச்சை மாற்றினால், டீ குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள்.