எழில் என்பது ஆண் பெயரா, பெண் பெயரா?

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. ‘எழில்’ என்று பெயர் வைக்க நானும் கணவரும் ஆசைப்படுகிறோம். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார், “அது ஆண்பிள்ளைப் பெயர் மாதிரி இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் பையன் என்று நினைத்துவிடுவார்கள், எழிலரசி என்று வையுங்கள்” என்கிறார். இரண்டு தரப்புக்கும் பொதுவாக ‘எழிலி’ என்று வைத்துவிடலாமா என்று கணவர் கேட்கிறார். எனக்கு ‘எழில்’ என்ற ஒற்றைச் சொல்தான் பிடித்திருக்கிறது. அது உண்மையில் ஆண் பெயரா, பெண் பெயரா? பின்னாளில் குழந்தைக்கு இதனால் தொல்லை வருமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனாருக்கு அந்தப் பெயர் ஆண்பிள்ளைப் பெயராகக் கேட்பதில் வியப்பில்லை. அவர் வகுப்பெடுத்த காலத்து வருகைப் பதிவேடுகளில் எழிலன், எழிலரசன், எழில்வேந்தன் என்ற பையன்கள் இருந்திருப்பார்கள். அவர்களை வீட்டிலும் விளையாட்டுத் திடலிலும் ‘எழில்’ என்று சுருக்கிக் கூப்பிட்டிருப்பார்கள். அதே பதிவேட்டில் இருந்த எழிலரசியைத் தோழிகள் ‘அரசி’ என்று அழைத்திருக்கலாம். ஆகவே ‘எழில்’ என்ற சுருக்கம் அவர் நினைவில் பையன்களோடு ஒட்டிக்கொண்டது. சொல்லைப் பொறுத்தவரை அது ஒரு பண்புப்பெயர். அழகு, அறிவு, அன்பு போல அதற்கு ஆண்பால் ஈறும் கிடையாது, பெண்பால் ஈறும் கிடையாது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய பிறகு, சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனதைப் போல, வடமொழிப் பெயர்களை விட்டுத் தமிழ்ப் பெயர்களைச் சூட்டிக்கொள்ளும் வழக்கம் பரவியது. திராவிட இயக்கம் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்போது உருவான பெயர்களில் பல இணை இணையாகப் பிறந்தவை. தமிழ்ச்செல்வன், தமிழ்ச்செல்வி, எழிலரசன், எழிலரசி, மலர்மன்னன், மலர்க்கொடி, மதியழகன், மதிவதனி. முன்பாதி இருவருக்கும் பொது, பின்பாதிதான் மகனா மகளா என்று சொல்லும். உங்கள் தலைமுறைப் பெற்றோர் அந்தப் பின்பாதியை விட்டுவிட்டுத் தமிழ், எழில், மலர், மதி என்று முன்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள். பாலை உணர்த்திய பகுதி போய்விட்டதால், கேட்பவர் தமக்குத் தெரிந்த ஒருவரை வைத்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறார். உங்கள் மாமனார் எழிலரசனை வைத்து நிரப்புகிறார், நீங்கள் எழிலரசியை வைத்து நிரப்புகிறீர்கள்.

பொருளை வைத்துத் தீர்மானிக்கலாமா என்றால், அதுவும் கைகொடுக்காது. உங்கள் கணவர் சொல்லும் ‘எழிலி’யையே எடுத்துக்கொள்ளுங்கள். எழிலோடு இகரம் சேர்த்தால் ‘எழில் உடையவள்’ என்று பெண்பாலாகிவிடும் என்று நினைத்து அவர் சொல்லியிருப்பார். ஆனால் எழிலி என்பது மேகத்தைக் குறிக்கும் பழஞ்சொல். “நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும் தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்” என்று வான்சிறப்பில் வள்ளுவர் சொல்லும் எழிலி அதுதான். அழகான பெயர், மறுக்கவில்லை. ஆனால் அதே மேகத்தைக் குறிக்கும் ‘முகில்’ இன்று பெரும்பாலும் பையன்களுக்கும், ‘மேகா’ பெண்களுக்கும் சூட்டப்படுகின்றன. ஒரே மேகம்தான், ஒரு வீட்டில் மகனாகவும் அடுத்த வீட்டில் மகளாகவும் இருக்கிறது. நிலவும் அப்படித்தான்: நிலா என்றால் பெண், சந்திரன் என்றால் ஆண், மதி என்றால் யாராகவும் இருக்கலாம்.

இதைவிட எனக்கு வியப்பளிப்பவை நம் பாட்டி, தாத்தா காலத்துப் பெயர்கள். மரகதம், பவளம், கனகம் என்றால் தயங்காமல் பெண் என்கிறோம். மாணிக்கம் என்றால் ஆண். முத்து, தங்கம், ரத்தினம் என்றால் நேரில் பார்த்தால்தான் தெரியும். எல்லாமே நகைப்பெட்டிக்குள் இருப்பவை, எல்லாமே அஃறிணைச் சொற்கள்; மாணிக்கத்தை ஆணாக்கிய இலக்கண விதி எதுவும் கிடையாது. நம் ஊர்களில் அந்தப் பெயரோடு வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருந்தார்கள், அவ்வளவுதான். ஈற்றெழுத்தும் அத்தனை உறுதியான சான்று இல்லை. இகரமும் ஐகாரமும் பெண்பாலுக்கு உரியவை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. பழனி, காசி, மூர்த்தி, துரை, ஏழுமலை, அண்ணாமலை என்று ஆண்களின் பெயர்கள் வரிசையாக அதை மறுத்து நிற்கின்றன.

தென்மாவட்டங்களில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் உறவினர் ஒருவருக்காகக் காத்திருந்தேன். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நர்ஸ் கதவருகில் வந்து, “இசக்கி!” என்று கூப்பிட்டார். மூன்று பேர் எழுந்தார்கள். வெற்றிலைப் பையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்த ஒரு பாட்டி, கையில் கட்டுப் போட்டிருந்த பள்ளிக்கூடப் பையன், கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண். ஒருவர் இசக்கியம்மாள், ஒருவன் இசக்கிமுத்து, மற்றவர் வெறும் இசக்கி. யாரும் சிரிக்கவில்லை, யாரும் கூச்சப்படவில்லை. நர்ஸ் சீட்டைப் பார்த்து இனிஷியலைச் சொன்னதும் பாட்டி மட்டும் உள்ளே போனார், மற்ற இருவரும் உட்கார்ந்தார்கள். மாரி, பேச்சி, முத்து என்று அந்த ஊர்ப்புறங்களில் தெய்வத்தின் பெயரும் செல்லப் பெயருமாக இருபாலரும் பகிர்ந்துகொள்ளும் பெயர்கள் ஏராளம். அவர்களிடம் போய் ‘இசக்கி ஆண் பெயரா, பெண் பெயரா’ என்று கேட்டால், ‘யார் வீட்டு இசக்கி’ என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

மாமனார் தமிழாசிரியர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவருக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அவர் பாடம் நடத்திய நூலையே நினைவுபடுத்தினால் போதும். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பெயரியல், உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் விரவுப்பெயர்களைப் பற்றிச் சொல்லும்போது, அவை “தத்தம் மரபின் வினையோடு அல்லது பால்தெரிபு இலவே” என்கிறது. அத்தகைய பெயர் தன்னளவில் பாலைக் காட்டாது, கூட வரும் வினைதான் காட்டும் என்பது கருத்து. உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று ‘கோதை வந்தான், கோதை வந்தாள்’. இந்தக் கோதை உரைக்காக உண்டாக்கிய பெயர் இல்லை. கோதை சேர அரசர்களுக்கு வழங்கிய பெயர்; மனைவியை இழந்த துயரத்தில் புறநானூற்றின் 245ஆம் பாட்டைப் பாடியவர் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. பின்னர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் தம் மகளுக்குச் சூட்டியதும் அதே பெயர்தான். வாளேந்திய அரசனின் பெயரை ஆண்டாள் சுமந்தாள். இன்று கோதை என்றதும் நமக்குச் சேரன் நினைவுக்கு வருவதே இல்லை. எந்தப் பெயர் யாருக்கு உரியது என்பதைப் பெயரைத் தாங்கியவர்கள் மாற்றிவிடுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எழிலுக்கும் அதுவே பொருந்தும். ‘எழில் வந்துட்டாளா?’ என்று நீங்கள் கேட்கும்போது தெருவில் நிற்பவருக்குக்கூட அவள் மகள் என்று தெரிந்துவிடும். பேச்சுத் தமிழில் இந்தப் பெயரால் குழப்பம் வர வழியே இல்லை.

குழப்பம் வரக்கூடிய இடம் எழுத்து, அதிலும் நேரில் பார்க்காதவர்கள் எழுதும் எழுத்து. மரியாதைப் பன்மையில் ‘வந்தார்’ என்று எழுதிவிட்டால் வினையும் பாலை மறைத்துவிடும். சங்கப் புலவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கு ஆய்வாளருக்கு ஆய்வாளர் மாறுபடுவதற்கு இந்த ‘ஆர்’ விகுதியும் ஒரு காரணம். ஒக்கூர் மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தியார் இருவரையும் சாத்தன், சாத்தி என்ற அடிச்சொல் பிரித்துக் காட்டிவிடுகிறது. ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்று பாடிய பொன்முடியாரைப் பெண் என்று கொள்வதற்கு, பாட்டில் பேசுவது தாயின் குரல் என்பதுதான் துணையே தவிர, பெயரில் சான்றில்லை. இன்று பொன்முடி என்றால் ஆணைத்தான் நினைப்போம்.

பஞ்சாபியர்கள் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். சீக்கியர்களின் பெயர்களில் பெரும்பாலானவை இருபாலருக்கும் பொது; பின்னால் வரும் சிங், கௌர் என்பவைதான் பிரித்துக் காட்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற நம் ஆண்கள் ஹாக்கி அணியின் தலைவர் ஹர்மன்பிரீத் சிங். மகளிர் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கி 2025இல் உலகக் கோப்பையை வென்றவர் ஹர்மன்பிரீத் கௌர். தமிழர்களின் இனிஷியல் தந்தையையோ தாயையோ சொல்லும், பாலைச் சொல்லாது. ஆகவே உங்கள் மகளுக்கு என்றாவது ஒருநாள் ‘திரு. எழில்’ என்று கடிதம் வரும். கல்லூரி விடுதியிலிருந்தோ, வேலைக்கு விண்ணப்பித்த இடத்திலிருந்தோ வரும். அவள் ஒரு வரி எழுதித் திருத்த வேண்டியிருக்கும். தொல்லை என்றால் இந்த அளவுதான். பிறப்புச் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு, ரயில் பயணச்சீட்டு எல்லாவற்றிலும் பாலினம் தனியாகக் குறிக்கப்படுகிறது. பெயரை வைத்து யாரும் ஊகிக்க வேண்டிய தேவையில்லை. பள்ளியில் முதல் நாள் பெயர் கூப்பிடும்போது ஆசிரியர் பையன்கள் பக்கம் பார்க்கலாம். அடுத்த நாள் பார்க்கமாட்டார்.

மாநிலம் தாண்டினால் எந்தப் பெயரும் இப்படித் தடுமாறத்தான் செய்யும் என்பதையும் மாமனாருக்குச் சொல்லலாம். நம் தெருவில் ஜோதி என்றால் பெரும்பாலும் ஓர் அக்கா. மேற்கு வங்கத்தை 1977 முதல் 2000 வரை ஆண்ட முதலமைச்சரின் பெயர் ஜோதி பாசு. கிரண் என்று பையனுக்குப் பெயர் வைப்பவர்கள் நம்மிடையே உண்டு. புதுச்சேரியில் துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி பெண்.

எல்லாப் பெயருக்கும் நான் இதே பதிலைச் சொல்லிவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். கதிர், வேல் என்று மகளுக்கு வைக்க விரும்புவதாக நீங்கள் கேட்டிருந்தால், அவை இன்று ஏறக்குறைய முழுவதும் ஆண்களிடம் இருப்பதால், வாழ்நாள் முழுவதும் விளக்கம் சொல்ல அவளுக்குப் பொறுமை வேண்டியிருக்கும் என்று எச்சரித்திருப்பேன். எழில் அப்படிப்பட்ட பெயர் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சற்றே ஆண் பக்கம் சாய்ந்து கேட்கலாம்; இளையவர்களுக்கு நடுவில் நிற்கிறது என்பது என் கணிப்பு.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். மகனுக்கு மலர் என்றோ நிலா என்றோ பெயர் வைக்கலாமா என்று யாராவது கேட்டால், கொள்கையளவில் இதே பதிலைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பையன் படப்போகும் கேலியை நினைத்து என் கை தயங்கும். பெண்ணுக்கு ஆண் சாயலில் பெயர் இருந்தால் ‘கம்பீரமாக இருக்கிறது’ என்று சொல்லும் ஊர், ஆணுக்குப் பெண் சாயலில் பெயர் இருந்தால் இறக்கம் என்று நினைக்கிறது. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. உங்களுக்கு இந்த வழக்கு சாதகமாக இருப்பதால் மட்டும் அதைச் சரி என்று என்னால் சொல்ல முடியாது.

ஆணா பெண்ணா என்பதைவிட நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் ழகரம். ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ்நாட்டில் ‘இசட் எச்’ போட்டு எழுதுவோம். இலங்கைத் தமிழர்கள் பலர் ‘எல்’ போடுவார்கள். வெளிமாநிலத்துக்காரர் முதல் வகையைப் பார்த்து ‘எசில்’ என்றோ ‘எஜில்’ என்றோ படிப்பார். அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஓர் ஆவணத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் எழுதிவிட்டால், கடவுச்சீட்டு எடுக்கும் வயதில் அலைய வேண்டிவரும். ஆகவே ஒரே எழுத்துக்கூட்டலை இப்போதே முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழில் தொடங்கி எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள். பிறப்பைப் பதிவு செய்தபோது பெயர் கொடுக்காமல் விட்டிருந்தால், 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். உங்களுக்கு இன்னும் எட்டு மாதங்கள் இருக்கின்றன. வீட்டில் மனத்தாங்கல் இல்லாமல் பேசி முடிக்க அது தாராளமான காலம்.

மாமனாரிடம் வாதாட வேண்டாம், அவர் பேத்தியின் நலனை நினைத்துத்தான் சொல்கிறார். பதிவேட்டில் எழில் என்றே இருக்கட்டும். தாத்தா எழிலரசி என்று கூப்பிட விரும்பினால் கூப்பிடட்டும், குழந்தை இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கும். ஒரு மாலை அவர் ஓய்வாக இருக்கும்போது பெயரியலை எடுத்துக்கொடுத்து, ‘கோதை வந்தான், கோதை வந்தாள்’ வரும் இடத்தை உங்களுக்கு விளக்கச் சொல்லிக் கேளுங்கள். ‘மாமா’ என்று தொடங்கி நீங்கள் கேட்டால் அவர் மறுக்கமாட்டார். கோதையை விளக்கி முடித்ததும், எழிலுக்கும் இது பொருந்துமா என்று அவரிடமே கேளுங்கள்.