ஓய்வு பெற்ற பிறகு கடையில் கணக்கு எழுதப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 62. அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. கோண்டாவிலில் மனைவியுடன் இருக்கிறேன். பிள்ளைகள் இருவரும் கனடாவில். யாழ்ப்பாண நகரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர் கணக்குப் பார்க்கக் கூப்பிடுகிறார். காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை, கிழமையில் ஆறு நாள். எனக்குப் பிரசரும் சீனி வருத்தமும் உண்டு. கிளினிக்கில் மருந்து எடுக்கிறேன். போக விருப்பம். "நாங்கள் காசு அனுப்பாத மாதிரி ஊர் கதைக்கும்" என்று பிள்ளைகள் மறிக்கிறார்கள். இந்த வயதில் வேலை உடம்பைக் காக்குமா, கெடுக்குமா?

பதில்: வேலைக்குப் போங்கள். ஆனால் அந்த நேரத்துக்குத் தலையாட்டாதீர்கள். பத்து மணித்தியாலம், ஆறு நாள் என்றால் கிழமைக்கு 60. சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாலும் 54. கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து, 35 முதல் 40 மணித்தியாலம் செய்பவர்களை விட 35 வீதம் கூட என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021 இல் சொல்லியிருக்கின்றன. பிரசருக்கு மருந்து எடுக்கிற ஆள் அந்த எல்லைக்குக் கிட்டப் போகத் தேவையில்லை.

வேலை உடம்பைக் காக்குமா என்பதற்கு வருவோம். வயதான பிறகும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் வீட்டில் இருப்பவர்களை விடச் சுகமாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டும். முழங்கால் ஏலாதவரும் இருதய வருத்தக்காரரும் ஏற்கெனவே வேலையை விட்டிருப்பார்கள். மிஞ்சி நிற்பவர்கள் முதலிலிருந்தே சுகதேகிகள். ஆகவே ஒரே ஆட்களை ஓய்வுக்கு முன்னும் பின்னும் கவனித்த ஆய்வுகளுக்குத்தான் நான் கூடிய மதிப்புக் கொடுப்பேன். பிரித்தானிய அரசாங்க உத்தியோகத்தர்களை, அதாவது உங்களைப் போன்ற அலுவலக ஆட்களை, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த வைற்ஹோல் ஆய்வு அப்படி ஒன்று. ஓய்வுக்குப் பிறகு அவர்களுடைய சொல் நினைவாற்றல், முன்பு குறைந்ததை விட 38 வீதம் வேகமாகக் குறைந்தது. தர்க்கமாக யோசிக்கும் திறன் போன்ற மற்றவற்றில் அப்படி மாற்றம் தெரியவில்லை. பயப்படுகிற விசயமில்லை, ஆனால் கணக்குப் புத்தகத்தை மூடி வைப்பதால் மூளைக்கு லாபம் என்றும் சொல்ல முடியாது.

1930களின் தொடக்கத்தில் ஒஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரின் ஆலை மூடப்பட்ட பிறகு, மாரி யஹோடா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் அங்கே போய் ஆராய்ந்தார்கள். சனங்களிடம் நேரம் தாராளமாக இருந்தும் வாசிகசாலையில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது. பென்சன் எடுத்த பிறகு ஆறுதலாக வாசிக்கலாம் என்று சொன்ன எத்தனை பேரை எங்களுக்கும் தெரியும்! காலையில் வெளிக்கிட ஒரு காரணம், கதைக்க நாலு பேர், "ஐயா, இந்தக் கணக்கை ஒருக்கால் பாருங்கோ" என்று கேட்க ஒருவர். சம்பளத்தோடு இவையும் வருகின்றன. ஓய்வு வயது 60 என்ற எண்ணுக்கும் உடம்புக்கும் பெரிய சம்பந்தமில்லை. அரசாங்கம் 2022 இல் அதை 65 ஆக்கி, அதே வருடமே திரும்பவும் 60 என்று அறிவித்தது நினைவிருக்கும்.

சரி, கடைக்குள் போவோம். உங்களுக்கு ஆபத்து கணக்குப் புத்தகத்தில் இல்லை, மதியச் சாப்பாட்டில் இருக்கிறது. ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது சீமெந்து ஏற்ற லொறி வரும், சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப் போகும். நீங்கள் எடுப்பது மெற்போமின் மட்டுமென்றால் பெரிய பிரச்சினை இல்லை. கிளிக்கிளசைட், டொல்பியுட்டமைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுத்தால் சாப்பாடு பிந்தும்போது சீனி இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், கூட்டல் பிழைக்கும். கடைக்காரர் வயசு என்று நினைப்பார். மேசை லாச்சியில் குளுக்கோஸ் வைத்திருங்கள். இல்லாவிட்டால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். பக்கத்தில் நிற்கும் பொடியனுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அடுத்தது கால். ஆணியும் கம்பித் துண்டும் கிடக்கிற நிலத்தில் பாட்டாவோடு நடக்க வேண்டாம். சீனி வருத்தத்தில் பாதம் மரத்திருந்தால் குத்தியதே தெரியாது. மூடிய சப்பாத்துப் போடுங்கள், இரவில் இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பாருங்கள். கழிப்பறையையும் முதலே பார்த்துவிடுங்கள். அது சரியில்லாவிட்டால் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பீர்கள்; பிரசருக்குச் சலம் போகிற குளிசை எடுப்பவருக்குச் சித்திரை வெயிலில் தலைசுற்றி விழ அது போதும்.

முதலாளியிடம் எட்டரை முதல் ஒரு மணி வரை கேளுங்கள். தராவிட்டால் கிழமையில் நாலு நாள், மூன்று மணி வரை. கணக்கு எழுத அது தாராளம். மாலை ஆறரைக்குப் பலாலி வீதியில் எதிர்வாகன வெளிச்சம் கண்ணில் அடிக்க மோட்டார் சைக்கிளில் வருவதும் இதனால் தப்பும். கிளினிக் நாளில் லீவு என்பதையும் ஊழியர் சேமலாப நிதியையும் (உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12) முதல் நாளே கதைத்துவிடுங்கள். தெரிந்தவர் என்று கூச்சப்பட்டால் பிறகு கேட்கவே மாட்டீர்கள். மாத முடிவில் இரவு வரை இருக்கச் சொன்னால் முடியாது என்று சொல்ல உங்களால் முடியுமா? பென்சன் வருகிறபடியால் முடியும். அந்தச் சுதந்திரம் இல்லாமல், அடுப்பு எரிவதற்காக இந்த வயதில் கூலிக்குப் போகிறவருக்கு நான் இதே பதிலைச் சொல்லமாட்டேன்.

பிள்ளைகளுக்குக் காசைப் பற்றிச் சொல்லாமல் நேரத்தைப் பற்றிச் சொல்லுங்கள்: "அரை நாள்தான், மத்தியானம் வீட்டில் நிற்பேன்." ஊர் எப்படியும் கதைக்கும். மனைவியிடமும் கேளுங்கள், அவருடைய சமையலறை வேலைக்கு ஓய்வு வயது ஒன்றை யாரும் அறிவிக்கவில்லை. விடிய ஐந்து மணிக்கு உங்களுக்குச் சாப்பாடு கட்டுவதற்காக அவர் எழும்ப வேண்டிவந்தால் கணக்கு வேறு.

தொடங்குவதற்கு முன் எச்பிஏ1சி பரிசோதனை ஒன்று செய்து, மூன்று மாதத்தால் திரும்பச் செய்யுங்கள். அது ஏறத்தாழ மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும். பிரசரையும் மாதம் ஒருமுறை எழுதி வையுங்கள். இரண்டும் முன்பு போலவோ குறைந்தோ இருந்தால் தொடருங்கள். கூடியிருந்தால் குளிசையைக் கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு முன், கடையில் மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதை டொக்டரிடம் சொல்லுங்கள்.