குடோனில் பூச்சி மாத்திரை வைத்த பிறகு, வாடை வராவிட்டால் உள்ளே போகலாமா?

போகக் கூடாது. "வாடை வந்தால் வெளியே வந்துவிடுங்கள், வராவிட்டால் வேலையைப் பாருங்கள்" என்று உங்கள் மேலாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அரிசி குடோன்களில் பூச்சி மருந்து வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு அதிகம் பயம் தருவது இந்த நம்பிக்கைதான்.

வண்டைக் கொல்ல அட்டிக்குள், அதாவது அடுக்கிய மூட்டைகளுக்குள், வைப்பது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும். 3 கிராம் மாத்திரைக்கு 1 கிராம் வாயு. நமக்குத் தெரியும் பூண்டு வாடையோ மீன் வாடையோ பெரும்பாலும் கூடவே வரும் கலப்பு வாயுக்களுடையது. அவற்றை மூட்டைகள் உறிஞ்சிக்கொண்டால் வாடை போய்விடும், பாஸ்பீன் நிற்கும். 8 மணி நேர வேலைக்கு நெடுநாளாகச் சொல்லப்படும் வரம்பு, பத்து லட்சம் பங்கு காற்றில் 0.3 பங்கு. இதை அளக்க வாயு மீட்டர்தான் வேண்டும். அட்டியை மூடிய படுதாவை எடுத்து, கதவெல்லாம் திறந்து காற்றாட விட்டு, மீட்டரில் பார்த்த பிறகுதான் லோடுமேன்களை உள்ளே விட வேண்டும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை. இந்த வாயுவுக்கென்றே உள்ள வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும்.

மருந்து வைப்பவரிடம் முகமூடியாவது இருக்கும். ஒட்டிய அறையில் படுக்கும் வாட்ச்மேனிடம் என்ன இருக்கிறது? சுவர் விரிசல் வழியாக வாயு அங்கேயும் போகும். மாத்திரை வைத்திருக்கும் நாட்களில் அவருக்கு வேறு இடம் கொடுங்கள் என்று நான் ஒவ்வொரு இடத்திலும் கேட்பேன்.

அப்புறம் இந்த எலி விஷயம். மிச்ச மாத்திரையைச் சுவரோர எலி வளையில் போடச் சொல்வார்கள். வளை எந்த அறைக்கு அடியில் போய் முடிகிறது என்று யாருக்குத் தெரியும்? ஆட்கள் இருக்கும் கட்டடத்தை ஒட்டி அதைச் செய்யவே கூடாது. இந்த மாத்திரையைப் பொதுமக்களுக்கு விற்கவே நம் நாட்டில் தடை இருக்கிறது. கூரை ஒழுகும் இடத்திலும் வேண்டாம். குவியலாகக் கிடக்கும் மாத்திரையில் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும்.

யாருக்காவது தலைவலி, வாந்தி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல் என்று வந்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடாதீர்கள். வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, உடனே 108ஐ அழையுங்கள். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். மாத்திரை டப்பாவின் லேபிளைப் போனில் படமெடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.