இட்லி வேகும் நேரத்தில் மூன்று பத்துமணி
(செபம் பற்றிய வாசகியர் கேள்விகளுக்குப் பதில்கள். பத்துமணி என்பது செபமாலையில் பத்து முறை ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லும் ஒரு பகுதி.)

இரவு 9 மணிக்குச் செபமாலை தொடங்கினால் மூன்றாவது பத்துமணிக்குள் நான் தூங்கிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு 7, 4, 1 வயது. ஒரே சண்டை. செபமாலையைப் பிரித்துப் பிரித்துச் சொன்னால் பாவமா?
- வாசகி, தூத்துக்குடி

பாவமே இல்லை. தினசரி செபமாலை ஒரு பக்தி முயற்சிதான், திருச்சபைக் கட்டளை அல்ல. பாதியில் கண் அசந்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடும்போது) சொல்ல வேண்டியதும் இல்லை. பிரித்துச் சொல்லும்போது ஒன்று மட்டும் மாறும். குடும்பமாகச் சொல்லும் செபமாலைக்குத் திருச்சபை தரும் பரிபூரண பலனை (பாவங்களுக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலையை) பெற ஐந்து பத்துமணிகளையும் இடைவிடாமல் சொல்ல வேண்டும். அதை ஞாயிறு மாலைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சிக்கல் பக்திக் குறைவால் வந்ததல்ல. கடிகாரத்தைப் பாருங்கள்: காலை 5 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 9 மணி செப நேரமாக இருக்க முடியாது. ஒரு பத்துமணியை வாய்விட்டுச் சொல்ல மூன்றரை நிமிடம் போதும். இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்துத் தட்டை வைத்தபின் வேக 10 முதல் 12 நிமிடம் ஆகும். மூன்று பத்துமணி அங்கேயே முடிந்துவிடும். துணி காயப்போடும்போது நான்காவது. ஐந்தாவது, இரவுச் சாப்பாட்டுக்கு முன் 7 மணி வாக்கில் பிள்ளைகளோடு. பெரியவன் ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கட்டும், மற்றவர்கள் ‘தூய மரியே’ என்று முடிக்கட்டும். நாலு வயதுக்காரருக்குச் சுரூபத்துக்கு முன்னால் உள்ள விளக்கின் சுவிட்சைப் போடும் வேலை. வேலை கொடுத்தால் சண்டை பாதியாகக் குறையும்.

கை ஈரமாக இருக்கும்போது மணிமாலை வேண்டாம், நூல் இற்றுப்போகும். கட்டைவிரலால் ஆள்காட்டி விரலின் மூன்று கணு, நடுவிரலின் மூன்று, மோதிர விரலின் மூன்று என்று தொட்டு வந்து, சுண்டுவிரலில் ஒரே கணுவோடு நிறுத்தினால் பத்து. தாளிக்கும்போது மட்டும் செபம் வேண்டாம். கடுகும் கருகும், கையும் சுடும். மிக்ஸி ஓடும்போதும் அப்படித்தான்: அந்தச் சத்தத்தில் எண்ணிக்கை தவறி, தவறிய எரிச்சல்தான் மிஞ்சும்.

எந்த நாளில் எந்த மறைபொருள் (செபமாலை சொல்லும்போது தியானிக்கும் இயேசு, மரியாவின் வாழ்க்கை நிகழ்வுகள்) என்ற குழப்பம் பலருக்கு உண்டு. திங்கள், சனி மகிழ்ச்சி. செவ்வாய், வெள்ளி துயரம். புதன், ஞாயிறு மகிமை. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2002-இல் சேர்த்த ஒளியின் மறைபொருள்களுக்கு வியாழன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கைக்குழந்தையால் இரண்டு ஞாயிறு பூசைக்குப் போக முடியவில்லை. நற்கருணை வாங்கலாமா என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, நாகர்கோவில்

பயம் வேண்டாம். நோய், பச்சிளம் குழந்தையைப் பராமரித்தல் போன்ற தக்க காரணம் இருந்தால் ஞாயிறு திருப்பலிக் கடமையிலிருந்து விலக்கு உண்டு என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2181) பச்சிளம் குழந்தையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சனி மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடமையை நிறைவேற்றும். மாலையில் வீட்டுக்காரர் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அதுவே எளிது. நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பைத் தண்ணீரும் மருந்தும் முறிக்காது. முதியோர், நோயாளிகள், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் ஆகியோருக்கு அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை.

பங்குத்தந்தை மறைக்கல்வி ஆசிரியையாக வரச் சொல்கிறார். மாமியார் பக்கவாதத்தில் படுக்கையில் இருக்கிறார். ‘இறைவனின் அழைப்பை மறுக்கலாமா?’ என்று அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் குழுவில்) கேட்கிறார்கள். கடவுள் சித்தம் என்ன என்று எப்படித் தெளிந்து தேர்வது?
- வாசகி, திருச்சி

கேள்வியை முதலில் சின்னதாக்குங்கள். ‘கடவுள் சித்தம் என்ன?’ என்று கேட்டால் மலைப்புத்தான் மிஞ்சும். ‘ஜூன் முதல் ஏப்ரல் வரை, ஞாயிறு காலை 8.30 முதல் 10 வரை வகுப்பு எடுக்க நான் ஒப்புக்கொள்வதா, வேண்டாமா?’ என்று கேளுங்கள். அப்போதுதான் மனம் எதையாவது எடைபோட முடியும்.

அடுத்தது கணக்கு. வகுப்பு ஒன்றரை மணி நேரம் என்றால் தயாரிப்பு ஒரு மணி, போக வர அரை மணி, ஆசிரியர் கூட்டம் ஒரு மணி. ஆக வாரத்துக்கு நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரம் யாருடைய பங்கிலிருந்து வெட்டுப்படுகிறது? மாமியாரைத் திருப்பிப் படுக்க வைப்பது, உடம்பு துடைப்பது, கஞ்சி கொடுப்பது எல்லாம் அந்த நேரத்தில் யார் பொறுப்பு? பெயர் சொல்ல முடியாவிட்டால், மனம் எவ்வளவு உருகினாலும் இப்போதைக்குப் பதில் ‘வேண்டாம்’தான். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் ஒரு எல்லை போடுகிறார்: நல்லவற்றுக்கும், நன்மை தீமை என்று சொல்ல முடியாதவற்றுக்கும் இடையில்தான் தேர்வு, திருமணம் போல ஏற்கெனவே ஏற்ற மாறாக் கடமையை மறுபடி தேர்வுக்கு எடுக்கக் கூடாது. மாமியாரைக் கவனிப்பதா வேண்டாமா என்பதல்ல உங்கள் கேள்வி. அது முடிந்த பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்பதே கேள்வி.

பொறுப்பேற்க ஆள் கிடைத்தால் ஆறு நாள் சோதியுங்கள். முதல் மூன்று நாள் ‘ஒப்புக்கொண்டுவிட்டேன்’ என்ற நினைப்போடும், அடுத்த மூன்று நாள் ‘மறுத்துவிட்டேன்’ என்ற நினைப்போடும் வேலையைப் பாருங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம். தினமும் பழைய டைரியில் இரண்டு வரி: அந்த நினைப்பு வந்தபோது எப்படி இருந்தது, ஒரு மணி நேரம் கழித்து எப்படி இருந்தது. இரண்டாவதுதான் முக்கியம். 1521-இல் கால் முறிந்து லொயோலாவில் படுத்திருந்த இஞ்ஞாசியார் கவனித்ததும் இதையே. வீரப் பெருமையை எண்ணியபோது இன்பம் இருந்தது, பிறகு வறட்சி. புனிதர்களைப் போல வாழ எண்ணியபோது, பிறகும் நிறைவு. ‘டீச்சர்’ என்று எல்லாரும் கூப்பிடுவார்கள் என்ற குளிர்ச்சி மாலைக்குள் வடிந்துவிடும். வடியாமல் நிற்கும் அமைதி வேறு.

ஏழாம் நாள் கணவரிடம் பேசுங்கள், பிறகு பங்குத்தந்தையிடம். சரி என்றால் ‘ஓராண்டுக்கு, மாற்று ஆசிரியை ஒருவருடன்’ என்று சொல்லுங்கள். தேதி இல்லாத ‘சரி’ பின்னால் மனக்கசப்பில்தான் முடியும்.

கெட்டுப்போகும் இடங்கள் இவை. கண்ணை மூடித் திருவிவிலியத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுப்பது. அது சீட்டுக் குலுக்கல், தெளிந்து தேர்தல் அல்ல. ஐந்து பேரிடம் கேட்டு, பிடித்த பதிலைச் சொன்ன ஆறாவது ஆளிடம் நிறுத்துவது. இரவு முழுக்க விழித்திருந்து விடியற்காலையில் முடிவு எடுப்பது. மனம் வறண்டு கிடக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதி. தூக்கமில்லாத தாய்மாருக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது.

அன்பியத்தில் கேட்பவர்களுக்கு: அழைப்பு கோவில் வாசலிலிருந்து மட்டும் வருவதில்லை. அதற்கு மேல் அவர்களோடு வாதாட வேண்டாம்.

செபிக்க உட்கார்ந்தால் கேஸ் புக் பண்ணவில்லை, பால்காரருக்குப் பணம் தரவில்லை என்று வரிசையாக ஞாபகம் வருகிறது.
- வாசகி, வேளாங்கண்ணி

பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வையுங்கள். வந்ததை ஒரு சொல்லில் எழுதிவிட்டுத் திரும்புங்கள். எழுதிவிட்டால் மனம் அதைத் திரும்பத் திரும்பத் தட்டாது. செல்போனில் குறிக்கப் போனால் வாட்ஸ்அப்பில் போய் நிற்பீர்கள்.

இரவில் ஆன்ம சோதனை செய்யச் சொல்கிறார்கள். படுத்ததும் தூங்கிவிடுகிறேன்.
- வாசகி, திண்டுக்கல்

படுக்கையில் செய்யாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் தன்னைச் சோதித்துப் பார்க்கச் சொன்னவர் இஞ்ஞாசியார். மதிய வேளையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன் ஐந்து நிமிடம், படிக்கு ஒரு நிமிடம். நன்றி: குறிப்பாக ஒன்றுக்கு, ‘எல்லாவற்றுக்கும்’ என்று பொத்தாம்பொதுவாக அல்ல. தெளிவாகப் பார்க்க அருள் கேட்பது. காலை முதல் இதுவரை மணிவாரியாக ஒரு பார்வை. மன்னிப்பு. கடைசியாக ஒரு தீர்மானம், ஒன்றே ஒன்று, அதுவும் சின்னதாக. ‘இனிமேல் கோபப்படமாட்டேன்’ என்பது நிற்காது. ‘நாளைக் காலை 7.15-க்குச் சீருடை தேடும்போது கத்தமாட்டேன்’ என்றால் நிற்கும், சீருடையை இன்றிரவே மடித்து நாற்காலியில் வைத்துவிட்டால். சாக்ஸையும் சேர்த்து.