தட்டில் கிடக்கும் கலத்துக்கு வெறி ஏறுமா?

அன்புள்ள அண்ணா,

கைதடியில் சித்த மருத்துவம் படிக்கிறேன். வெற்றிலை போடுவது பற்றிய உங்கள் கட்டுரையில், ஒரு மூலிகை மனத்தை என்ன செய்கிறது என்று பேசுவதற்கு முன் ஆய்வுகூடத் தட்டில் வளர்க்கும் நரம்புக் கலத்தில் (செல்லில்) சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் வாசித்துக் காட்டினேன். பரியாரியாரான (நாட்டு வைத்தியரான) என் அம்மப்பா சிரித்துவிட்டார். "தட்டில கிடக்கிற கலத்துக்கு வெறி ஏறுமோ? மறதி வருமோ? அது என்னத்தைச் சொல்லப் போகுது?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வல்லாரையை அப்படிச் சோதித்திருக்கிறார்களா?

ஒரு மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

அம்மப்பா கேட்டது சரியான கேள்வி. கலத்துக்கு வெறி ஏறாது. ஆனால் இந்தப் பொருள் எங்கே போய்ப் பிடிக்கிறது என்று அதனிடம் கேட்கலாம். வெற்றிலை போடுகிறவரைக் கேட்டால் உடம்பு சூடாகிறது, உற்சாகமாக இருக்கிறது என்பார். எங்கே பிடிக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது.

பாக்கில் உள்ள அரிகோலின், அசற்றைல்கோலின் என்ற நரம்புச் சேதிப் பொருள் வந்து பிடிக்கும் இடங்களான ஏற்பிகளில் ஒரு வகையைத் தூண்டும் என்பது பழைய சேதி. எச்சில் ஊறுவது அதனால்தான். அதே வகையை அடைக்கும் அத்ரோபின் நம் வேலியோர ஊமத்தையில் இருக்கிறது. சரி, விட முடியாத பழக்கம் எங்கிருந்து வருகிறது? 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இதைத் தவளை முட்டைக் கலத்தில் பார்த்தார்கள். ஆபிரிக்கத் தவளை ஒன்றின் முட்டைக் கலம் ஒரு மில்லிமீற்றருக்கும் பெரியது. மின்வாய் குத்த வசதி. மனித ஏற்பி ஒன்றைச் செய்வதற்கான மரபுச் செய்தியை உள்ளே செலுத்தினால், கலம் அந்த ஏற்பியைச் செய்து தன் மென்சவ்வில் வைத்துக்கொள்ளும். அப்புறம் அரிகோலினை ஓடவிட்டு மின்னோட்டத்தை அளக்கலாம். புகையிலைப் பழக்கத்தோடு தொடர்புள்ள நிக்கொட்டின் ஏற்பிகள் சிலவற்றை அரிகோலினும் ஓரளவு திறந்தது. புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கு மெல்லுகிறவரும் ஏன் விட முடியாமல் தவிக்கிறார் என்பதற்கு இது நல்ல தடயம். இத்தனைக்கும் அது நரம்புக் கலம்கூட இல்லை!

ஏற்பி என்ற எண்ணத்துக்கு வழி காட்டியதில் புகையிலைக்குப் பெரிய பங்குண்டு. நம் தோட்டங்களில் விளைந்து திருவிதாங்கூர் வரை கப்பலேறிய சரக்கல்லவா. 1905இல் கேம்பிரிட்ஜில் லாங்லி என்ற உடலியலாளர், கோழியின் தசைக்குப் போகும் நரம்பு அறுபட்டுச் சிதைந்த பிறகும் நிக்கொட்டின் பட்டால் தசை சுருங்குவதைக் காட்டினார். தசையைச் செயலிழக்கச் செய்யும் குராரே என்ற நஞ்சைக் கொடுத்தால் அது அடங்கியது. அப்படியென்றால் பிடிக்கிற இடம் தசையிலேயே இருக்க வேண்டும் என்றார்.

இனி வல்லாரை. சோதித்திருக்கிறார்கள். 2005இல் வெளியான ஆய்வில், நரம்புப் புற்றுநோய் ஒன்றிலிருந்து எடுத்து வளர்த்துவரும் மனிதக் கலங்களில், நரம்பு வளர்ச்சிக் காரணியோடு வல்லாரைச் சாற்றையும் விட்டார்கள். மதுசாரத்தில் எடுத்த சாறு, மில்லிலீற்றருக்கு 100 மைக்குரோகிராம் அளவில், கலங்களின் கிளைகளை நன்றாக நீள வைத்தது. நீரில் எடுத்த சாறு அதே அளவில் ஒன்றும் செய்யவில்லை.

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது அந்த நீர்ச்சாறுதான். 'வல்லாரை வேலை செய்யுமா' என்ற கேள்வியே அரைகுறை என்று அது சொல்கிறது. எதில் இறக்கிய வல்லாரை? நாம் தேங்காய்ப்பூவோடு சம்பல் போடுகிறோம், வறை வறுக்கிறோம். பரியாரிமார் நெய்யில் காய்ச்சுகிறார்கள். அந்த ஆய்வில் நன்றாக வேலை செய்த, வல்லாரையில் உள்ள ஏசியாற்றிக் அமிலம் நீரில் லேசில் கரையாதது. நெய்யில் எவ்வளவு இறங்குகிறது என்பது ஆய்வுகூடத்தில் பார்க்கவேண்டிய விஷயம். இதில் அம்மப்பாவின் கைப்பக்குவத்துக்குத்தான் மதிப்புக் கூடுகிறது.

ஆனால் கிளை நீண்டதை நினைவாற்றல் என்று எழுதிவிடக் கூடாது. தட்டில் ஈரல் இல்லை, குடல் இல்லை, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பும் இல்லை. அதே ஆய்வில் எலிகளுக்குக் கொடுத்தபோது விரைவாகத் தேறியது காயப்பட்ட கால் நரம்பு. பரீட்சைக்கு முதல்நாள் வல்லாரைச் சம்பல் சாப்பிடுவதற்கு அது சான்றாகாது. சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை, ருசியான சம்பல்.

இறுதியாண்டு ஆய்வுக்கு வல்லாரை நெய்யை எடுப்பதென்றால், வல்லாரை சேர்க்காமல் அதே பதத்தில் காய்ச்சிய நெய்யையும் பக்கத்துத் தட்டில் வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் நெய் செய்த வேலையை வல்லாரையின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.