பெஞ்ச் பிரஸ் எடை ஏறினால் குத்தும் பலமாகுமா?

பெஞ்ச் பிரஸ்ஸில் (பலகையில் படுத்து எடையை மேலே தள்ளும் பயிற்சி) 20 கிலோ கூட்டியும் குத்துச்சண்டையில் உங்கள் குத்து அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். அதில் வியப்பில்லை. குத்தின் விசை தரையிலிருந்து கிளம்புகிறது: பின்னங்கால் தள்ள, இடுப்பு திரும்ப, தோள் வழியாக முஷ்டிக்கு வருகிறது. கை கடைசிக் கண்ணிதான். எனவே ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்குவது) முதலில். கனமான எடை, ஒரு சுற்றுக்கு 3 முதல் 5 முறை, சுற்றுகளுக்கு நடுவே நல்ல ஓய்வு. சிங்கப்பூரின் பொது உடற்பயிற்சிக் கூடங்களான ஆக்டிவ்எஸ்ஜி கூடங்களே போதும்.

ஆனால் ஸ்குவாட்டில் பலத்தைத் திரட்ட நேரம் உண்டு, குத்தில் கிடையாது. நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். அந்த வேகத்துக்கு, மெடிசின் பந்தை (பயிற்சிக்கான கனமான பந்து) இடுப்பைத் திருப்பிச் சுவரில் ஓங்கி எறிந்து பழகுங்கள். (அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளச் சுவரில் வேண்டாம், அதைப் பராமரிக்கும் நகர மன்றம் தேடி வரும்!) ஸ்பாரிங்குக்கு (பயிற்சிச் சண்டை) முந்தைய நாள் கனமான கால் பயிற்சியைத் தவிர்த்துவிடுங்கள். மணிக்கட்டு மடங்காமல் குத்த, குத்துப் பையில்தான் பழக வேண்டும்.